முப்பத்தொன்றாவது பெயர்

இலைதியாவுக்கு ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அந்தக் குரலில் இருபத்தாறு வருடம் எங்கள் தீவுகளின் வானொலியில் மரண அறிவிப்பு வாசித்தான். மாலை ஆறு மணிக்கு, செய்திகளுக்கு முன்னால். தலைநகரில் ஒருவர் இறந்தால் வெளித்தீவுகளில் இருக்கும் சொந்தங்களுக்கு அவன் சொல்லித்தான் தெரியும். உடனே பாய்களைச் சுருட்டிக்கொண்டு, பன்றியைக் கட்டிக்கொண்டு படகேறுவார்கள். அவர்கள் வந்து பாய் விரித்து அழுத பிறகுதான் அடக்கம். சொந்தம் வராமல் புதைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மைக்கைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. ஒருமுறை ரக்பி முடிவுகள் வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட, இலைதியாவை வாசிக்கச் சொன்னார்கள். வடக்கு அணி பதினேழு, தெற்கு அணி பன்னிரண்டு என்று அவன் சொன்னதும் வடக்கில் ஒரு கிராமமே எழுந்து நின்று ஜெபம் பண்ணியதாம். ஜெயித்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் வேறு எதற்கும் கூப்பிடவில்லை.

தற்காலிகப் பாதுகாவலர் ஆட்சியைப் பிடித்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நாடாளுமன்றத்தைப் பூட்டிய அன்று, மூன்றே மாதம் என்று சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கூரை போட்டார்கள். திறப்பு விழாவில் பாதுகாவலர் பேசினார். "பழைய ஆட்சியில் நாளொன்றுக்குப் பதினோரு பேர் இறந்தார்கள். அவ்வளவு அலட்சியம். என் ஆட்சியில் அது பாதியாகக் குறையும். இது என் உத்தரவு."

மறுநாள் காலை வானொலி நிலையத்துக்கு ஒரு மேசையும், ஒரு நாற்காலியும், கேப்டன் நைவாலுவும் வந்து சேர்ந்தார்கள்.

கேப்டன் கெட்டவர் இல்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தேநீர்க் கோப்பையை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை.

"பெரியவரே, நேத்து எத்தனை வாசிச்சீங்க?"

"ஒன்பது," என்றான் இலைதியா.

"இனிமே அஞ்சு."

"மீதி நாலு பேரு?"

"நாளைக்கு வாசிங்க."

"நாளைக்குச் சாகறவங்க?"

கேப்டன் தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்கு அடுத்த நாள். யாரையும் விட்டுட மாட்டோம். வரிசையில வரட்டும்."

நாங்கள் குழம்பிப்போய் இருப்பதாக மேலே தகவல் போயிருக்க வேண்டும். தகவல் துறைச் செயலாளர் லெமேக்கி நேரில் வந்தார். எல்லாரையும் பெரிய அறையில் உட்காரவைத்து விளக்கினார்.

"நாங்கள் மரணத்தைத் தடை செய்யவில்லை. எதிரிகள் அப்படிச் சொல்வார்கள். நாங்கள் அதை நெறிப்படுத்துகிறோம். ஒரு குடிமகன் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், அது அவனுடைய உரிமை. அவன் எப்போது இறந்தான் என்று சொல்வது அரசின் உரிமை. இரண்டு உரிமையும் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால் நாடு முன்னேறும். சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம். பெயர் எழுதிக்கொள்ள ஆள் வந்திருக்கிறார்."

யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த சுற்றறிக்கை இறப்பின் காரணத்தைப் பற்றியது. கடல் பாதுகாப்பானது என்று பாதுகாவலர் அறிவித்திருந்ததால் யாரும் மூழ்கிச் சாகக் கூடாது. காய்ச்சல் ஒழிந்துவிட்டதால் காய்ச்சலிலும் கூடாது. கடைசியில் முதுமை ஒன்றுதான் மிஞ்சியது. பத்தொன்பது வயது மீனவன் ஒருவன் முதுமையால் காலமானான் என்று இலைதியா வாசித்தான். வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் மைக்கை மூடினேன்.

பிறகு பாதுகாவலர் பதவியேற்ற ஆண்டு விழா வந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு மரணமும் கிடையாது என்று உத்தரவு. அறிவிப்பு இல்லாததால் சொந்தங்கள் வரவில்லை. சொந்தங்கள் வராததால் யாரையும் புதைக்க முடியவில்லை. மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் அறையை அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்தது. அறுபத்தெட்டுப் பேர் சூரை மீன்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். மீன்காரர்கள் முறையிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் உள்ளே போகப் பழகிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் இலைதியா என்னிடம் முதல் தடவையாகக் கேட்டான்.

"மச்சான், வெளிய பெஞ்சுல யாராவது உக்காந்திருக்காங்களா?"

நடைவழியில் பார்வையாளர்களுக்கு ஒரு நீளமான மரப் பெஞ்சு இருந்தது. எட்டிப் பார்த்தேன். "யாருமில்லையே."

"நல்லாப் பாரு."

"ஒரு ஈ கூட இல்ல, மச்சான்."

"நான் இன்னும் வாசிக்காத ஆளுங்கடா," என்றான். "முறை வந்துடுச்சான்னு கேக்கறாங்க. சண்டையெல்லாம் போடல. மரியாதையாத்தான் கேக்கறாங்க. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல."

எனக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் காலையில் வேலைக்கு வரும்போது அந்தப் பெஞ்சு ஈரமாக இருந்தது. துடைத்தால் மத்தியானம் மறுபடியும் ஈரம். ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, இடைவெளி விட்டு விட்டு, கடல் வாசனையோடு. கூரை ஒழுகவில்லை. கேப்டனும் அதைப் பார்த்தார். முதலில் தன் மேசையைச் சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு அமைச்சகத்துக்கு எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. அதைப் பெஞ்சுக்கு மேலே ஒட்டினோம்.

"அறிவிக்கப்படாதவர்கள் நிலைய வளாகத்தில் காத்திருக்க அனுமதி இல்லை."

மறுநாள் அந்தத் தாளின் கீழ் ஓரமும் நனைந்திருந்தது.

கெலேரா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவள் புருஷன் எபெலி துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவே, சுவரில் இருந்த பாதுகாவலர் படத்தைப் பார்த்து, "அந்த மூணு மாசம் முடிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். அறுபது பேர் சிரித்தார்கள். சாயங்காலம் ராணுவ வண்டி வந்து, கொஞ்சம் பேச வேண்டும் என்று அவனைப் பாசறைக்கு ஏற்றிக்கொண்டு போனது. வியாழக்கிழமை காலையில் அவனுடைய சட்டையைத் துவைத்து மடித்து யாரோ அவர்கள் வீட்டு வேலி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கெலேராவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் கையில் ஒரு தாள். எபெலி, நாகோலோ தீவு, தாய்வழி வையுலா குடும்பம், சொந்தங்கள் பாயோடு வரவும் என்று எழுதியிருந்தாள்.

கேப்டன் தாளை இரண்டு முறை படித்தார். "அம்மா, இவரு சாகலியே."

"நீங்க பாத்தீங்களா?"

"பாசறையில இருக்காரு. விசாரணைக்கு ஒத்துழைச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்ப நான் பாக்கணும்."

"ஒத்துழைக்கறவங்களைப் பாக்க அனுமதி இல்ல."

"சட்டை வீட்டுக்கு வந்துடுச்சு, சார். சட்டையில்லாம எப்படி ஒத்துழைக்கறாரு?"

கேப்டன் தேநீரைக் குடித்தார். கோப்பை காலியாக இருந்தது, ஆனாலும் குடித்தார். "திங்கக்கிழமை வாங்க. எழுத்துல தர்றோம்."

திங்கட்கிழமை எழுத்தில் தந்தார்கள். முத்திரை போட்ட அட்டை. உயிருடன் இருப்பதற்கான சான்றிதழ் என்று தலைப்பு. "எபெலி, வயது நாற்பத்தொன்று, துறைமுகத் தொழிலாளி, நலமாகவும் உற்சாகமாகவும் இருக்கிறார். இச்சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும்."

கெலேரா அதைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஒரு வருஷத்துக்கு அப்புறம்?"

"புதுப்பிச்சுக்கலாம்," என்றார் கேப்டன். சொல்லிவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு கெலேரா தினமும் வந்தாள். அந்த ஈரப் பெஞ்சில் ஒரு ஓரமாக, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு உட்காருவாள். ஆறு மணி அறிவிப்பு முடிந்ததும் எழுந்து போவாள். ஒரு நாள் இலைதியா அவளிடம் போய் நின்றான்.

"தங்கச்சி, என் கையில இல்ல. தாள்ல இருந்தாத்தான் வாசிக்க முடியும்."

"தெரியும் அண்ணே. நீங்க வாசிக்காதவரைக்கும் அவரு அம்மா வீட்டுல தெரியாது. அங்க அவருக்கு இன்னும் சோறு எடுத்து வைக்கறாங்களாம். எனக்கு அதுதான் தாங்கல."

துறைமுகத்தில் பேச்சு அடங்கவில்லை. எபெலி எங்கே என்று ஆட்கள் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் பாதுகாவலரின் பிறந்தநாள். செயலாளர் லெமேக்கிக்கு ஒரு யோசனை வந்தது. நாட்டின் முக்கியஸ்தர்கள் நாற்பத்து மூன்று பேர் பாதுகாவலரை வாழ்த்துவதாக ஒரு பட்டியல். அமைச்சர்கள், நீதிபதிகள், துறைமுக இயக்குநர். முப்பத்தொன்றாவதாக, தொழிலாளர் சார்பில், எபெலி. வாழ்த்துச் சொல்கிறவன் செத்திருக்க முடியாது என்பது செயலாளரின் வாதம்.

"யார் வாசிப்பது?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "இலைதியா. இந்தத் தீவுகளில் மக்கள் சந்தேகப்படாத குரல் அது ஒன்றுதான். அரசின் குரலைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதிக்கொள்ள வேண்டாம்."

இலைதியா எழுந்தான். "ஐயா, எனக்கு வேற குரல் வராது."

"சிரித்துக்கொண்டே வாசியுங்கள். சிரிப்பு காதில் விழும்."

இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. இலைதியா பல் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவன் வாசித்தது முன்னைவிட மோசமாக இருந்தது. கேப்டன் சொல்லிப் பார்த்தார். "பெரியவரே, ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவுல அவ்வளவு நேரம் நிறுத்தணுமா?"

"நிறுத்தலைன்னா மூச்சு முட்டுது, ஐயா."

பிறந்தநாளன்று, மாலை ஆறு மணிக்கு மைக்கைத் திறந்தேன். ஏதாவது தப்பாகச் சொன்னால் உடனே மூட வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். விரலைச் சுவிட்சில் வைத்திருந்தேன். இலைதியா பெயர், ஊர், குடும்பம் என்று ஒவ்வொன்றாக வாசித்தான். எல்லாம் தாளில் இருந்தபடி. முப்பத்தொன்றாவதில் கொஞ்சம் அதிகமாக நிறுத்தினான். "எபெலி. நாகோலோ தீவு. தாய்வழி வையுலா குடும்பம்." கடைசியில், இவர்கள் அனைவரோடும் நம் அன்புக்குரிய தற்காலிகப் பாதுகாவலர், என்று முடித்தான். ஒரு வார்த்தை தப்பில்லை. என் விரல் அசையவில்லை. நடைவழியில் யாரோ பலர் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பதுபோல் பெஞ்சு கிரீச்சிட்டது. அன்று கெலேரா வந்திருக்கவில்லை. பெஞ்சில் யாருமே இல்லை.

மறுநாள் விடிந்ததும் படகுகள் வரத் தொடங்கின.

கல்வி அமைச்சர் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்தில் நூறு பேர் பாய் விரித்து அழுதுகொண்டிருந்தார்கள். தலைமை நீதிபதியின் மச்சான்கள் மூன்று பன்றிகளோடு வந்து, அவர் உள்ளேயிருந்து கத்துவதைக் காதில் வாங்காமல் பன்றி சுட மண்ணில் குழி வெட்டினார்கள். பாதுகாவலர் மாளிகையின் வாசலில் அவருடைய அம்மாவின் தீவிலிருந்து முந்நூறு பேர். துக்கத்துக்குக் கொடுக்கும் திமிங்கிலப் பல்லைக் கையில் ஏந்தி, முறையாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுடவும் முடியாது; எல்லாம் மாமா, சித்தி முறை.

பாதுகாவலர் மாடியில் வந்து நின்றார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நான் இறக்கவில்லை. இறக்கும் திட்டம் எதுவும் இந்த அரசிடம் இல்லை. இது பற்றிப் பரிசீலிக்கக்கூட இல்லை. கலைந்து செல்லுங்கள்."

கீழே இருந்த அவருடைய சித்தி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், உயிரோட இருந்த மாதிரியே இருக்கான்," என்றாள். அழுகை இன்னும் கூடியது.

மூன்று நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. வானொலியில் மறுப்புச் சொல்லலாம் என்றார் கேப்டன். எந்தக் குரலில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் செயலாளர் லெமேக்கி உயிர்ப்பு அணிவகுப்பு என்று ஒன்றை அறிவித்தார். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் விளையாட்டு மைதானத்தில் மக்கள் முன்னால் உட்கார்ந்து, பெயர் வாசிக்கும்போது எழுந்து, உள்ளேன் என்று சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று நாற்காலிகள் போட்டார்கள். அங்கேயும் மைக் என் பொறுப்பு.

முப்பத்தொன்றாவது நாற்காலியில் கார்ப்பரல் தோமாசி உட்கார்ந்திருந்தான். பாசறைக்காரன், இருபத்தெட்டு வயது இருக்கும். பூப்போட்ட சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். எபெலியும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

கேப்டன் நைவாலு பெயர்களை வாசித்தார். அமைச்சர்கள் எழுந்து உள்ளேன் என்றார்கள். சொந்தக்காரர்கள் நம்பியும் நம்பாமலும் மூக்கைச் சிந்தினார்கள். முப்பது பேர் உயிரோடு இருப்பது உறுதியானது.

"எபெலி."

தோமாசி எழுந்தான். வாயைத் திறக்கவில்லை. கூட்டத்திலிருந்து கெலேரா நடந்து வந்தாள். சிப்பாய்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். தடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோமாசிக்கு முன்னால் மைக் இருந்தது.

"தம்பி, நீதான் எபெலியா?"

அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா. நீதான்னா வீட்டுக்குப் போலாம். அவரு அம்மா சோத்தோட உக்காந்திருக்காங்க."

"இல்லக்கா," என்றான் தோமாசி. "நான் இல்லக்கா."

அது மைதானம் முழுக்கக் கேட்டது. இந்தத் தடவையும் நான் மைக்கை மூடவில்லை. நாகோலோ படகுக்காரர்கள்தான் முதலில் எழுந்து பாயை விரித்தார்கள். பிறகு தங்கள் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டவர்களும், கொண்டுவந்த பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த நாற்காலியைச் சுற்றி விரித்தார்கள். முந்நூறு, நானூறு பாய் இருக்கும். கேப்டன் மீதிப் பெயர்களை வாசிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே இலைதியாவைப் பிடித்தார்கள். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே வாசித்து அரசைச் சிறுமைப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. என்னை இசைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கேப்டன் நைவாலுவைக் கடைக்கோடித் தீவின் கலங்கரை விளக்கத்துக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் எப்போது தொடங்கும் என்று ஆராயும் குழுவில் இரண்டு பேரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். செயலாளர் லெமேக்கி அமைச்சரானார்.

நாலரை மாதம் கழித்து இலைதியாவை விட்டார்கள். பாசறை வாசலில் நான் வண்டியோடு நின்றேன். மெலிந்திருந்தான். நகக்கண்களில் மண். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். கெலேரா வீட்டுக்கு என்றான்.

வீட்டில் பாய்கள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். உடல் கிடைக்காததால் அடக்கம் நடக்கவில்லை. வந்தவர்கள் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"அடிச்சாங்களா அண்ணே?"

"பெரிசா இல்ல. தோட்ட வேலை கொடுத்தாங்க. அந்தத் தோமாசியையும் தண்டனையில அங்கதான் போட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல கொத்தினோம்." நகத்து மண்ணைப் பார்த்துக்கொண்டான். "அவன்தான் இடத்தைக் காட்டினான்."

கெலேரா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க?"

"பாசறைக்குப் பின்னால. கடலைப் பாத்த பக்கம், வேலியிலிருந்து நாலாவது வரிசை. நான் பேரையும் ஊரையும் சொல்லி முறையா வாசிச்சேன், தங்கச்சி. தோமாசி இருந்தான், காவலுக்கு நின்ன ரெண்டு பேரும் இருந்தாங்க. அவ்வளவுதான் முடிஞ்சுது."

"மேல என்ன இருக்கு?"

"மரவள்ளி. ஆளுயரத்துக்கு மேல வளந்து நிக்குது. மத்த வரிசையெல்லாம் பிடுங்கியாச்சு. அதை மட்டும் சிப்பாய்ங்க யாரும் தொடறதில்ல. சமையல்காரன் திட்டுவான். அப்பவும் தொட மாட்டாங்க."

வெளியே யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

"அவருக்கு மரவள்ளி பிடிக்காது, அண்ணே," என்றாள். "சேப்பங்கிழங்குதான் சாப்பிடுவாரு."